அடையாளக் குறி

குப்பம் மீசேவாவில் மூன்றாம் கவுண்ட்டர் என்னுடையது.
ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறொன்று என்று
வருகிறவர்களிடம் நாளுக்கு நாற்பது முறை கேட்கிறேன்:
ரெண்டூ மீரேனா? ரெண்டும் நீங்கதானா?
தெலுங்கில் கேட்டால் தமிழிலும்
தமிழில் கேட்டால் கன்னடத்திலும்
நானேதான் என்கிறார்கள்.
பெரும்பாலும் உண்மை.

கொள்ளுத்தாத்தா மொகிலப்பனுக்குப்
பட்டாள மானியமாய் வந்தது ரெண்டேகால் ஏக்கர்.
மல்லானூர் பாதையில். மண் கொஞ்சம், பாறை மிச்சம்.
பாறைக்குத்தான் இப்போது விலை.
கிரானைட்காரன் கம்பிவேலி போட்ட மறுநாள்
தாசில்தார் கேட்டார்: ஏ ரெஜிமென்ட்?

சேப்பர் என்றார் அப்பா, யோசிக்காமல்.
என் கல்யாணப் பத்திரிகையிலேயே
சேப்பர் வீடு என்றுதான் அச்சடித்திருந்தோம்.
பெங்களூரிலிருந்து இரண்டு வரி வந்தது:
அப்பெயரில் எவரும் இல்லை.

அப்புறம் ஒருநாள்
குளியலறைச் செம்பைப் புளிபோட்டுத் தேய்க்கையில்
அடியில் எழுத்து தட்டுப்பட்டது.
ஒரு நம்பர். அதன்கீழ் ஒரு பஞ்சாபிப் பட்டாளத்தின் பெயர்.
முப்பது வருஷமாய் அதில்தான்
தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

எழுதிப்போட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு நகல்:
மொகல் கான். கொம்பூதி. ஐந்தடி நாலங்குலம்.
அடையாளக் குறி: இடது காது மடல் கிழிந்தது.
ஆறு மாதத்தில் ஓடிப்போனார்,
ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு செம்பு சகிதம்.

இது எவனோ துலுக்கன் என்றார் அப்பா.
காது நம்முடையது என்றாள் கனகவல்லி அத்தை.
எருது முட்டிக் கிழிந்த காதாம்.
அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

நகலின் பின்பக்கம்
காது கிழிந்தவனைத் தேடிக் கடிதம் போன
ஊர்களின் பட்டியல்.
நூறு வருஷம் பிந்தி
அதே விலாசங்களுக்கு நானும் எழுதினேன்.

பர்மா எல்லையில், கூர்க்காக்கள் நடுவே இருந்தார்.
ஐந்தடி நாலங்குலத்துக்கு
அதைவிட நல்ல மறைவிடம் உண்டா?
பெயர் மைக்கேல். பேண்டில் டிரம்.
ஜாதிக் கட்டத்தில் எதையோ எழுதி
யாரோ அழித்திருக்கிறார்கள், தாள் கிழியுமளவு.
பதினோராம் மாதம் மறுபடி ஓட்டம்.
இந்த முறை எதையும் எடுத்துப்போகவில்லை.

கடைசிக் கவர் கனமாய் வந்தது.
கோவேறு கழுதைப் படை.
எண் 311, பெண் கழுதை, பதின்மூன்று பிடி உயரம்,
வலது முன்குளம்பில் சூடு,
சத்தத்துக்கு மிரளாது, பாலம் கண்டால் நிற்கும்.
அதைப் பற்றி அரைப் பக்கம்.
ஓட்டுபவர் பற்றி ஒன்றரை வரி:
மொகிலப்பன், தகப்பன் பெயர் சென்றாயன்,
இ. காது கி.
நான்கு வருஷம். இரண்டு பனிக்காலம்.
நடத்தை: மிக நன்று.

முதன்முறையாக அவர் பெயர், அவர் அப்பன் பெயர்.
மேசைமேல் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன். டீ வந்ததும்
குடிக்காமல் திரும்பி வந்தேன்.

கழுதை மேய்க்கவா போனார் என்று கேட்ட அப்பா
அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இனி விண்ணப்பம்.
ஏழாம் பத்தியில் இரண்டு கட்டம்:
போர்வீரர். உடன்சென்ற பணியாள்.
மானியம் செல்லும், முதல் கட்டத்துக்கு மட்டும்.

போர்வீரர் என்பதற்கு என்னிடம் தாள் உண்டு.
அதில் ஓடிப்போனவர் என்றும் இருக்கிறது.
ஓடாமல் நின்றார் என்பதற்கும் உண்டு.
அதில் அவர் வீரர் இல்லை.
இரண்டையும் சேர்த்துத் தைக்க
ஒரு கிழிந்த காது.

ஸ்கேனர் மூடி திறந்தே இருக்கிறது.
கண்ணாடியில் என் கை ரேகை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டோக்கன் ஐம்பத்துமூன்று,
முனிலட்சுமம்மா, மூன்று கார்டு, மூன்று ஸ்பெல்லிங்,
எதை முதலில் நீட்டுவது என்று தெரியாமல்
மூன்றையும் நீட்டுகிறாள்.